குடை பிடித்த தவளை

“அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது, மாமா. மினேவுக்கு இந்த விஷயமே தெரிய வேண்டாம்.”

ஹருயோ நீட்டிய கடிதத்தை ஒகாத்தா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஓவியங்களுக்குப் பட்டுக்கரை ஒட்டிச் சுருளாக்கித் தரும் கடை அவருடையது. கியோத்தோவில் அந்தத் தெருவுக்கே பழைய கடை.

அவளுடைய அப்பா, ஓவியர் நிஷினோ, மலைவிடுதியிலிருந்து மகள்கள் இருவருக்கும் எழுதிய கடைசிக் கடிதம் அது. தூரிகை எழுத்துக்கு நடுவே குடை பிடித்த ஒரு தவளை. ‘இங்கே ஓயாத மழை. இவன்தான் பேச்சுத்துணை. நீங்கள் சண்டை போடாமல் சாப்பிடுங்கள்.’ நிஷினோவின் பெரிய ஓவியங்களைவிட இந்த மாதிரிக் கடிதங்களுக்குத்தான் சேகரிப்பவர்கள் அலைந்தார்கள்.

தங்கை மினே இரண்டாம் தாரத்து மகள். வாய்விட்டு எதையும் கேட்கத் தெரியாதவள். அடுத்த மாதம் கல்யாணமாகி ஹொக்கைதோ போகிறாள்.

ஹருயோ படியிறங்கியதும் ஒகாத்தாவின் மனைவி கினு அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“தாயும் தகப்பனும் இல்லாத பொண்ணுக்குப் போலியைக் கட்டி அனுப்பப் போறா. நீங்களும் தலையாட்டி வாங்கி வச்சிருக்கீங்க.”

“நான் மாட்டேன்னா வேற கடைக்குப் போவா. அங்க நிஜமாவே போலி பண்ணிக் கொடுத்துடுவாங்க.”

மறுநாள் காலை புத்தர் முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையால் செய்த தடித்த காகிதம், இரண்டு படலம். மை அடிப்படலம்வரை இறங்கியிருந்தது. ஈரம் காட்டி, மூங்கில் தகட்டை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தார். ஒரு கடிதம் இரண்டானது. கீழ்ப்படலத்தில் தவளை கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். இரண்டுமே நிஷினோவின் கை. எதைக் கொடுத்தாலும் சின்னவள் ஏமாற மாட்டாள்.

ஹருயோ திரும்பி வந்தபோது சுருள்கள் இரண்டும் சுவரில் தொங்கின. வெகுநேரம் பார்த்துவிட்டு, எது அசல் என்று கேட்டாள். ஒகாத்தா தேநீர் ஊற்றினார். கினு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பளிச்சுனு இருக்கே, இதுதான். அப்பா கை எனக்குத் தெரியாதா?” ஹருயோ அதைக் கழற்றிச் சுருட்டினாள். “கல்யாணச் சீருக்குக் கட்டுற சிவப்பு வெள்ளைக் கயிறு இருக்கா அத்தை?”

கினு மெல்லத் திரும்பினாள்.

“இது மினேவுக்கு. நகல்னு சொல்லித்தான் கொடுக்கணும். அசல்னு தெரிஞ்சா, நீயே வச்சுக்க அக்கான்னு இங்கயே போட்டுட்டுப் போயிடுவா. எனக்கு அந்த நகல் போதும் மாமா.”

ஒகாத்தா பாயில் நெற்றி படக் குனிந்தார்.

“மன்னிச்சிடும்மா. அதுவும் உங்கப்பா கைதான்.”