நெய்யாத கடைசி வரி

பிள்ளையார்பாளையத்தில், கூரைக் கண்ணாடி வழியே டிசம்பர் வெயில் சங்கரியின் தறிமேல் விழுகிறது. நாட்டின் இந்த ஆண்டு இலக்கியத்தை ஒரே பட்டுத் திரையில் நெய்யச் சொல்லியிருக்கிறது ஓர் இலக்கியச் சங்கம். இடப்பக்கம் ஆண்டில் புத்தகம் வெளியிட்டவர்களின் பெயர்கள். வலப்பக்கம் ஆண்டில் காலமானவர்களின் பெயர்கள். இரண்டுக்கும் ஒரே சரிகைதான்; செத்தவர்களுக்கென்று யாரும் விலை குறைக்கவில்லை. கடைசி வரியில் மட்டும் இரு பக்கமும் ஊடு நூல் ஓடாத வெறும் பாவு நூல் நிற்கிறது. முதிய கவிஞர் சந்திரப்பிரபு அதைக் குனிந்து பார்க்கிறார். “ஏம்மா இதை நெய்யல?” “வருஷம் முடியட்டும்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க சார்.” “என் புத்தகம் அதுக்குள்ள வந்துடும்மா. அச்சகத்துக்காரன் சத்தியம் பண்ணிக்கினு இருக்கான்.” “சரிகைக்காரனும் எங்கிட்ட தினம் அதைத்தான் பண்றான்.” அவர் சிரிக்கிறார், சிரிப்பு நெடிய இருமலாகிறது. இருமல் ஓயும்வரை சங்கரி தறியை மிதிக்கவில்லை. பிறகு, தறிக்கு மேலே தொங்கும், எழுத்துகளை நெய்யவைக்கும் துளையிட்ட அட்டைகளைக் காட்டுகிறாள். “உங்க பேருக்கு அட்டை குத்தி அனுப்பிட்டாங்க சார். எந்தப் பக்கம்னுதான் இன்னும் சொல்லல.” அட்டைத் துளைகளின் வெளிச்சம் அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக நிற்கிறது. அவர் மெதுவாக இடப்பக்கம் நகர்கிறார். புள்ளிகள் அவரோடு வரவில்லை. வலப்பக்கத்து வெறும் நூலில் விழுந்து, அங்கேயே நிற்கின்றன.