காற்றை ஏமாற்றும் வண்டி

கொடைக்கானல் ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கும் மகாராணியின் புதிய வண்டி புல்லட் ரயிலின் மூக்கோடு நிற்கிறது. உருண்டுவிடாமல் சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்கிறாள். பழைய தட்டுவண்டியை ஒப்படைத்துத்தான் இதை வாங்கினாள். அதில் ஏரிக்காற்று நேரே அடுப்பில் புகுந்து கரியை ஊதித் தரும். இதிலோ காற்று பளபளக்கும் மூக்கில் ஏறி, முதுகில் வழுக்கி, அவள் முகத்தில் அறைகிறது. கரி கறுத்துக் கிடக்கிறது. "எவ்வளவு வேகமாப் போனாலும் காத்து தடுக்காதும்மா" என்று பூரிக்கிறார் வண்டியை வடிவமைத்த இளைஞர். "இது எங்கங்க சார் போகப்போகுது? அடுப்பு அணைஞ்சு கெடக்கு, அதைப் பாருங்க." சீசனின் கடைசி ஞாயிறு; மூட்டைச் சோளம் முழுவதும் உரித்தாகிவிட்டது, நாளை தின்ன ஆளில்லை. கடைசி வேனில் வந்த சுற்றுலாப் பயணிகள் வண்டியோடு செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். "சோளம் ஆச்சாக்கா?" "இந்தா, வெரசா ஆயிரும் தம்பி, ஏறிறாதீங்க." டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மகாராணி இளைஞரின் கையிலிருந்த வண்டிப்பட அட்டையைப் பிடுங்கி வெறிகொண்டு விசிறுகிறாள். படத்தில் காற்றைக் காட்டும் நீல அம்புகள் பாய்கின்றன. அடுப்பில் சாம்பல்தான் பறக்கிறது. வேன் வளைவில் மறைகிறது. விசிறும் கை நிற்கவில்லை. குளிரில் நடுங்கும் இளைஞர் அனல்காய அடுப்பின்மேல் கையை நீட்டுகிறார், கொஞ்சம் பொறுத்து, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறார்.