நான்கு மணி நீலக் கோடு

கணினி திடீரென்று அலறியது. துண்டித்த இணைப்பில் டேட்டா ஓடினால் அது அப்படித்தான் கத்தும். சஃபீனா திரும்பிப் பார்த்தாள்.

தாராவியில் நாலைந்து தெருக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. ஒவ்வொரு வீட்டு இணைப்பும் திரையில் இரண்டு கோடுகளாக ஓடும். வீட்டுக்கு வருவது நீலம், வீட்டிலிருந்து போவது பச்சை.

நீலம் ஏறிக்கொண்டிருந்தது எதிரே நிற்கும் நஸீராவின் இணைப்பில். ரவுட்டரை இப்போதுதான் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தாள். வாசலில் சாமான் ஏற்றிய டெம்போ. இணைப்பை வெட்டிவிட்டு, கல்யாண் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாள்.

"வீட்ல யாரும் இருக்காங்களா ராத்தா?"

"பூட்டிச் சாவியக் குடுத்தாச்சி. எலி படம் பாக்குதோ என்னமோ!"

மணி நான்கு. சஃபீனா முந்தைய நாட்களின் கோடுகளைத் திறந்தாள்.

கப்பலில் வேலை பார்த்த நஸீராவின் கணவர் மசூது தினமும் நான்கு மணிக்கு வீடியோவில் அழைப்பார். இருபது நிமிடம் இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறும். அவர் கடலில் மூழ்கி ஏழு மாதமாகிறது. அதன் பிறகும் நேற்றுவரை தினமும் நான்கு மணிக்கு இரண்டும் ஏறியிருந்தன.

இன்று பச்சை தரையோடு கிடந்தது. நீலம் மட்டும் ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது.

சஃபீனா திரையை நஸீரா பக்கம் திருப்பினாள். நஸீரா அந்த நீலக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இனிமே கூப்பிடாதீங்க மச்சான்னு நேத்து அழுது சொன்னேன் பிள்ள. சரின்னுதானே சொன்னாவ."