வெறும் தொண்ணூற்றொன்பது

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. மொத்தம் எவ்வளவு ஆகுமுங்க?" என்று கேட்டார் சுப்பையன்.

கவுன்டரில் இருந்த பெண் டாக்டர் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி அடுக்க ஆரம்பித்தாள். கார்டு ஐம்பது. டெஸ்ட் இருநூற்றைம்பது. மெஷின் வைப்பது ஆறு தடவை, தடவைக்கு நானூற்றைம்பது. கிரீம் தனியாக முந்நூறு.

சுப்பையனுக்குச் சுருக்கென்றது. பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். 'அக்குள் நாற்றமா? நிரந்தரத் தீர்வு! வெறும் ரூ.99!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அது ஆரம்பந்தானுங்க" என்றாள் அவள்.

சுப்பையன் அவிநாசிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதினெட்டு வருஷமாக கேட் வாட்ச்மேன். ஷிஃப்ட் முடிந்து போகிற அத்தனை பேருடைய டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தே பழகினவர். குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் கேட்பதெல்லாம் இவள் பைக்குள்தான் போகிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

பக்கத்தில் மகள் சண்முகப்ரியா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள், மாதம் எழுநூறு சம்பளம். பக்கத்தில் வந்தாலே கஸ்டமர்கள் முகத்தைச் சுளிக்கிறார்களாம். ஆடித் தள்ளுபடி ஆரம்பிப்பதற்குள் சரிசெய்துகொள், இல்லாவிட்டால் வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதையும் எல்லார் முன்னாலும் வைத்துச் சொல்லியிருக்கிறார், பாவி மனுஷன். இரண்டு நாளாகப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை.

கவுன்டர் பெண் அவளையே பார்த்தாள். கடையில் யூனிபார்ம் என்ன துணி என்று கேட்டாள். பாலியெஸ்டர் என்றாள் ப்ரியா.

"ரெண்டு பருத்தி ஜாக்கெட் தைச்சுப் போட்டுக்கங்க, போதும். இதெல்லாம் உங்களுக்குக் கட்டுபடியாகாதுங்க."

'உங்களுக்கு' என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் சுப்பையனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் ஆட்களைப் பார்த்தாலே இவர்களுக்கெல்லாம் இளக்காரம்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பட்டுச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி இறங்கி வந்தாள். கவுன்டர் பெண்ணின் முகத்தில் எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ. "வெறும் தொண்ணூத்தொம்பதுதானுங்க அம்மா" என்று சொல்லி, ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பி வைத்தாள். கார்டு, டெஸ்ட், கிரீம் என்று ஒரு பேச்சு வரவேண்டுமே, வரவில்லை.

காருக்கு ஒரு ரேட், பஸ்ஸுக்கு ஒரு ரேட்டா? சுப்பையன் எழுந்தார். "வேண்டாங்கப்பா" என்று மகள் கையைப் பிடித்ததையும் உதறிவிட்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

வெளியே வந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூவாயிரத்துச் சொச்சம் என்று காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியது.

"இதை யாருங்க உங்ககிட்ட சொன்னது?"

சுப்பையன் கையை நீட்டிக் காட்டினார்.

"கிருபா, நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

டாக்டர் சுப்பையனிடம் மன்னிப்புக் கேட்டார். தொண்ணூற்றொன்பதைக் கட்டினால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், பெண்ணின் வேலைக்கு நான் பொறுப்பு என்றார். தன் கையாலேயே ஒரு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரச் சொல்லிவிட்டுப் போனார்.

சுப்பையன் மீசையைத் தடவிக்கொண்டார். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அவருக்கு. ப்ரியா பேனாவைத் திறந்தாள்.

கிருபா ஹேண்ட்பேகை மாட்டிக்கொண்டு கவுன்டரைச் சுற்றி வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டப் போகிறாள் என்று சுப்பையன் தயாராக நின்றார். அவளோ ப்ரியாவின் முன்னால் இருந்த ஃபாரத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. கார்டு ஐம்பது, டெஸ்ட் இருநூற்றைம்பது என்று ஒன்றுவிடாமல் இருந்தது. நடுவில் நிறுத்தினாலும் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டுமாம்.

"ஏனுங்கய்யா, பொய் சொன்னேன்னு அவுரு என்னை அனுப்பலைங்க" என்றாள் கிருபா. "இதையெல்லாம் கையெழுத்து வாங்குன பொறகுதான் சொல்லோணும்ங்கிறது இங்க ரூல்ஸ். கார்ல வந்த அம்மா தாங்குவாங்கன்னு உட்டுட்டேன். உங்க பாப்பா மொகத்தைப் பாத்தா மனசு கேக்கலீங்க, முன்னாடியே சொல்லிப்போட்டேன்."