துரைசானி கொடுத்த செடி

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்கா நெருங்க, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டத் தொடங்கினார். துரைசானி தன் கையாலேயே, கணக்கெழுதும் கிராணி சேதுபதிக்குப் பீங்கான் தொட்டியோடு கொழுகொழுவென்று ஒரு செடியைக் கொடுத்தாள். அன்று காஜா பெராங் தோட்டத்தில் சேதுபதியின் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்ததும், திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டியிருந்த வற்றல் கற்றாழையை அறுத்து லோங்காங் சாக்கடையில் வீசினார்.

"சீமைச் செடி இருக்கிற வீட்டுல இந்தக் குப்பை எதுக்கு?"

"என்னங்க, அந்தச் செடி..." என்று ஆரம்பித்தாள் மனைவி கமலவேணி.

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடு!"

'தண்ணீர் அதிகம் வேண்டாம்' என்று துரைசானி சொன்னது அவர் காதில் ஏறவில்லை. லண்டன் செடியைத் தாகத்தில் தவிக்க விடலாமா? காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார்.

துரை கப்பலேறும் நாளன்று செடி அழுகிச் சாய்ந்தது. பதறிப்போய்ப் பங்களாவுக்குச் சைக்கிளை மிதித்தார்.

"மேம், இன்னொரு கன்று கிடைக்குமா?"

துரைசானி சிரித்தாள். "என்னிடம் ஏது? நான் கையைச் சுட்டுக்கொண்டபோது உன் மனைவி கொடுத்த செடி அது. உன் வாசலில் தொங்குமே கற்றாழை, அதன் கன்று. புறப்படும் நேரத்தில் உங்களுடையதை உங்களிடமே கொடுத்தேன்."

திரும்பி வந்த சேதுபதி, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு லோங்காங்கில் இறங்கித் துழாவினார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் கமலவேணி. அவர் வீசிய அன்றைக்கே அவள் பொறுக்கி எடுத்த கற்றாழை, கொல்லைக் கதவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லியிருப்பாள்தான், வாயைத் திறக்கத்தான் இன்னும் உத்தரவு வரவில்லை.