நடுவுல எங்கேயும் நிக்காது

"உங்க தம்பி பொண்டாட்டி இந்த வருஷமும் நேர் ஃப்ளைட்லதான் வர்றாளாம்!"

மாமியாரோடு பேசி முடித்த போனை மேஜை மேல் பொத்தென்று வைத்தாள் மூத்த மருமகள்.

கணவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு வாரமாக அதற்குள்தான் குடியிருக்கிறான். வார நடுவில் கிளம்பினால் விலை இறங்குகிறது. ஸ்கூல் லீவு தொடங்குவதற்கு முன்னாலேயே கிளம்பினால் இன்னும் இறங்குகிறது. சின்னவனுக்கு ரெண்டு வயசு முடிவதற்குள் போய்த் திரும்பிவிட்டால், மடியிலேயே வைத்துக்கொள்ளலாம், தனி சீட் வேண்டாம்.

"கிடைச்சிருச்சு!" என்றான் திடீரென்று. "நமக்குக் கட்டுப்படியாகறது இது ஒண்ணுதான். நடுவுல ரெண்டு இடத்துல இறங்கி ஏறணும்."

"எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கணும்?"

"முதல் இடத்துல கொஞ்ச நேரம்தான். ரெண்டாவது இடத்துல..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒம்பது மணி நேரம்."

"ரெண்டு வாண்டுகளை வச்சுக்கிட்டா?"

"குழந்தைங்க விளையாட இடமெல்லாம் இருக்காம்."

"அவ மட்டும் ராணி மாதிரி ஒரே தூக்கத்துல போய் இறங்குவா. நான் மூட்டை முடிச்சோட ஊர் ஊரா இறங்கி ஏறணும். கொடுத்து வச்ச மகராசி!"

"அவங்கவங்க வசதி..."

"என்ன பெரிய வசதி? அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்தானே? உங்க தம்பிக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க கஷ்டப்படக் கூடாதுங்கற நெனப்பு இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் லேப்டாப் பக்கம் திரும்பினான். டிக்கெட்டைப் போட்டான்.

"அத்தைகிட்ட உளறி வைக்காதீங்க. நாமளும் நேராத்தான் வர்றோம்."

"வழக்கம்போல" என்று முனகினான் அவன்.

ஓரகத்திகள் இருவரும் வேறு வேறு நாட்டில் குப்பை கொட்டுகிறவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாமியார் வீட்டில்தான் பார்த்துக்கொள்வார்கள். மூத்தவள் கசங்கிய துணியும் வீங்கிய காலுமாக வந்து சேருவாள். இளையவளோ சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் வந்து இறங்குவாள். பிள்ளைக்குத் தலைகூடக் கலைந்திருக்காது.

"களைப்பே தெரியலையே உனக்கு?"

"என்ன களைப்பு அக்கா? ஏறினா நேரா இங்கதான். நடுவுல எங்கேயும் நிக்காது" என்று சிரிப்பாள் இளையவள்.

மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பு மூத்தவளின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

பயணம் அவள் பயந்தபடியேதான் இருந்தது. முதல் விமானத்தில் சின்னவன் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்றான். அடுத்ததில் மடியில் உட்காரமாட்டேன் என்றான். ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டிய ஊரில் இறங்கியபோது அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

விளையாட்டு இடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். உட்காரும் நாற்காலிகளுக்கெல்லாம் நடுநடுவே கைப்பிடி. குழந்தையைப் படுக்க வைக்க வழியில்லை.

கணவனைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, பெரியவளான மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னவனை இடுப்பில் சுமந்தபடி இடம் தேடி நடந்தாள்.

தூணுக்குப் பின்னால் ஓர் அருமையான மூலை. சுவரோரம், ஆள் நடமாட்டம் இல்லை, போனுக்குச் சார்ஜ் போடவும் வசதி. ஆனால் யாரோ ஒருத்தி முந்திக்கொண்டு சால்வையை விரித்திருந்தாள். ஒரு பிள்ளை அதில் உருண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்து, பையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டான். நாற்காலி முதுகில், ஊரில் இறங்கும்போது மாற்றிக்கொள்ள மடிப்புக் கலையாத துணிகள் தயாராகத் தொங்கின.

'இங்கேயும் நமக்கு முன்னாடி ஒருத்தி! எங்க போனாலும் நமக்கு மட்டும்தான் இடமில்லை' என்று பொருமினாள் மூத்தவள்.

அதற்குள் பெரியவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"அம்மா, சித்தி!"

சால்வையில் இருந்தவள் திரும்பினாள்.

இளையவளேதான். கலைந்த தலை, தோளில் ஜூஸ் கறை, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

பிள்ளைகள் கட்டிப் புரண்டு கூத்தடித்தார்கள்.

"நீ... நேர் ஃப்ளைட்னு..."

"நீங்களும்தானே அக்கா..."

மூத்தவள் முதலில் சுதாரித்துக்கொண்டாள். மூன்று வருஷத்து எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது.

"நான் சொன்னா அது வேற. நீ ஏன்டி பொய் சொன்னே? உன்னை நெனச்சு எத்தனை நாள் நான் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? பாவம், எங்க வீட்டு மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கேன்!"

இளையவள் பிள்ளைகளை ஒதுக்கி, சால்வையில் இடம் பண்ணினாள். சின்னவனை வாங்கிப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்தாள். ஒரு நிமிஷத்தில் அவன் கண் சொருகியது.

பிறகு, அவனைத் தட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கைக்குழந்தையோட முதல் தடவை வந்தப்போ நான் உண்மையைத்தான் சொன்னேன், அக்கா. ரெண்டு இடத்துல இறங்கி வந்தேன்னு. அத்தை எல்லார் முன்னாடியும் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'மூத்தவ தன் பிள்ளையை நேரா அலுங்காம கூட்டிட்டு வந்திருக்கா, நீ பச்சப்புள்ளையைப் போட்டு ஏன் இப்படி அலைக்கழிக்கறே? காசுதான் பெருசா?'ன்னு கேட்டாங்க. நான் அழுதுக்கிட்டே நின்னேன். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. 'ஆமாம் அத்தை'ன்னு தலையாட்டினீங்க. அன்னைக்கு உங்களைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை இருக்கே..."

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வருஷம் அவள் இறங்கி ஏறியது மூன்று இடத்தில்.