கவிழ்த்த கூடை

வீட்டுச் சருகு மக்கி உரமாக எத்தனை நாள் ஆகும் என்று முடிவுசெய்ய நகராட்சியில் மூன்று கூட்டம் போட்டு முந்நூறு டீ குடித்தார்கள். கடைசியில் சுகாதார ஆய்வாளர் வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பினார்.

பூவராகன் வீட்டு முற்றத்தில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. அவர் மனைவி கோமளம் சருகைப் பெருக்கிக் குவித்து, பறக்காமலிருக்க மூடிவைத்துவிட்டு, அன்று மதியமே போய்ச்சேர்ந்தாள். ஆடிக்காற்று எதிர்வீட்டு ஓடுகளை அடுத்த தாலுகாவில் கொண்டுபோய் இறக்கியது, கூடை அசையவில்லை. பூவராகன் அதைச் சுற்றி நடக்கப் பழகியிருந்தார்.

ஆய்வாளர் கூடையைத் தூக்கினார். கீழே கறுகறுவென்று மண்.

“அடேங்கப்பா! எத்தனை நாளாச்சுங்க?”

“நூத்திப் பன்னெண்டு.”

“எப்படிங்க இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

ஆய்வாளர் திட்ட அறிக்கையில் எண்ணை எழுதிக்கொண்டார்.

“சாம்பிளுக்கு ஒரு பிடி எடுத்துக்கட்டுங்களா?”

பூவராகன் கூடையை வாங்கிப் பழையபடி மூடினார்.

“இன்னும் மக்கல சார்.”